கட்டாத கால்: மலைச் சைக்கிளின் தட்டைப் பெடல் கதை

சைக்கிளுக்குத் தமிழில் மிதிவண்டி என்று பெயர். சக்கரத்தையோ சங்கிலியையோ சொல்லாமல், மிதிப்பதைச் சொல்லும் பெயர். ஆனால் அந்த மிதியைத் தாங்கும் பெடலைப் பற்றி யாரும் அதிகம் யோசிப்பதில்லை. கடைக்குப் போனால் கியர் எத்தனை, டிஸ்க் பிரேக்கா, முன்னால் சஸ்பென்ஷன் உண்டா என்றெல்லாம் விசாரிப்பார்கள். பெடல் எப்படி என்று கேட்பவர் அபூர்வம்.

அந்தப் பெடலுக்குப் பின்னால் ஒரு சுவாரஸ்யமான வரலாறு இருக்கிறது. பந்தய சைக்கிள் உலகம் நூறு வருடங்களாகக் காலைப் பெடலோடு கட்டிப்போடவே முயன்று வந்தது. முதலில் தோல் வார், பிறகு எஃகுக் கொக்கி. ஒவ்வொரு முறையும் "இதுதான் முன்னேற்றம்" என்று சொல்லப்பட்டது. ஆனால் மலைச் சரிவில் இறங்கிய சிலர் மட்டும் காலைக் கட்ட மறுத்தார்கள். தட்டையான, பூட்டு இல்லாத பெடலிலேயே ஓட்டினார்கள். அதே பெடலில் உலகப் பட்டமும் வென்று காட்டினார்கள். அது எப்படி முடிந்தது?

தரையை விட்ட கால்

1817-இல் ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் கார்ல் டிரைஸ் ஓட்டிக்காட்டிய இரண்டு சக்கர வண்டிக்குப் பெடலே கிடையாது. உட்கார்ந்துகொண்டு தரையைக் காலால் உந்தித்தான் போக வேண்டும். கால் எப்போதும் தரைக்குப் பக்கத்திலேயே இருந்தது.

1860-களில் பாரிஸில் முன் சக்கரத்தின் அச்சில் பெடல் வந்தது. இதை முதலில் செய்தவர் பியர் மிஷோவா, பியர் லாலமாவா என்ற வழக்கு இன்றுவரை ஓயவில்லை. லாலமா அமெரிக்கா போய் 1866-இல் காப்புரிமை வாங்கியது மட்டும் பதிவில் இருக்கிறது. எப்படியானாலும், மனிதனின் இரண்டு கால்களும் ஒரே நேரத்தில் தரையை விட்டது அப்போதுதான்.

அதன் பிறகு வந்தது முன் சக்கரம் ஆளுயரத்துக்கு இருந்த வண்டி. முன்னால் ஒரு கல் தடுக்கினால் ஓட்டுபவர் தலைகுப்புற விழுவார். ஆகவே இறக்கத்தில் போகும்போது பெடலிலிருந்து காலை எடுத்து, ஹேண்டில்பாருக்கு மேலே போட்டுக்கொண்டு இறங்கும் பழக்கம் வந்தது. விழுந்தாலும் கால் முன்னால் போய் ஊன்றட்டும் என்ற கணக்கு! இறக்கத்தில் காலுக்கு விடுதலை வேண்டும் என்ற எண்ணம் அந்தக் காலத்திலேயே இருந்திருக்கிறது.

1885-இல் ஜான் கெம்ப் ஸ்டார்லியின் ரோவர் 'பாதுகாப்பு சைக்கிள்' வந்தது. நடுவில் பெடல், பின் சக்கரத்துக்குச் சங்கிலி. இன்றைய சைக்கிளின் உருவம் அதுதான்.

இன்னொரு சின்னப் பிரச்னை பாக்கி இருந்தது. ஓட்ட ஓட்ட இடது பெடல் தானாகக் கழன்று வந்தது. தீர்வு, இடது பெடலுக்கு மட்டும் எதிர் மரை. 1900-இல் 'கழன்று வராத பெடல்' என்று இதை விளம்பரம் செய்து விற்றவர்களில் ஒஹாயோவின் டேட்டன் நகரில் சைக்கிள் கடை வைத்திருந்த இரண்டு சகோதரர்களும் உண்டு. மூன்று வருடம் கழித்து விமானம் ஓட்டிய அதே ரைட் சகோதரர்கள்தான்! இன்று எந்தச் சைக்கிள் கடையிலும் இடது பெடலை எதிர்ப்பக்கம் திருப்பித்தான் கழற்றுகிறார்கள்.

பெடலோடு கட்டப்பட்ட கால்

சாலைப் பந்தயக்காரர்களுக்குக் கவலை வேறு. வேகமாக மிதிக்கும்போது கால் வழுக்கக் கூடாது. இதற்காகப் பெடலின் முன்னால் ஒரு கம்பிக் கூண்டு, அதன் மேல் தோல் வார். காலை உள்ளே விட்டு வாரை இழுத்து இறுக்க வேண்டும். நிறுத்துவதற்கு முன் குனிந்து வாரைத் தளர்த்த வேண்டும். மறந்தால் நின்ற இடத்திலேயே பக்கவாட்டில் சாய வேண்டியதுதான்.

பல பத்தாண்டுகள் இப்படியே ஓடின. 1984-இல் பனிச்சறுக்குக் கட்டைகளுக்குக் காலணிப் பூட்டு செய்துவந்த பிரான்ஸின் லுக் நிறுவனம் அதே யோசனையைப் பெடலுக்குக் கொண்டுவந்தது. காலணியின் அடியில் ஒரு கட்டை. மிதித்தால் 'க்ளிக்' என்று பூட்டும், குதிகாலை வெளியே திருப்பினால் விடும். 1985-இல் பெர்னார்ட் இனோ இந்தப் பெடலில் டூர் டி பிரான்ஸை வென்றார். அதோடு தோல் வாரின் காலம் முடிவுக்கு வந்தது. பழைய கூண்டுக்கு ஆங்கிலத்தில் கிளிப் என்று பெயர். அது போய்விட்டதால் புதியதற்கு 'கிளிப்லெஸ்' என்று பெயர் வைத்தார்கள். காலை முழுதாகப் பூட்டும் பெடலுக்குக் கிளிப் இல்லாதது என்று பெயர்... வேடிக்கைதான்.

மலையிலிருந்து இறங்கியவர்கள்

இதற்கிடையில் கலிபோர்னியாவில் வேறொரு கதை நடந்துகொண்டிருந்தது. சான்பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மரின் மாவட்டத்தில் சில இளைஞர்கள் 1930, 40-களில் செய்த கனமான பழைய ஷ்வின் சைக்கிள்களைத் தேடி வாங்கி, மலைப்பாதையில் இறங்கி விளையாடினார்கள். 1976 அக்டோபர் 21 அன்று ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்குப் பக்கத்தில் முதல் பந்தயம் வைத்தார்கள். சுமார் 3.4 கிலோமீட்டர் மண் பாதை, 400 மீட்டர் இறக்கம். சார்லி கெல்லி, கேரி ஃபிஷர், ஜோ பிரீஸ் எல்லாம் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள். ஃபிஷரின் சாதனை நேரம் 4 நிமிடம் 22 விநாடி.

அந்த வண்டிகளில் பெடலைப் பின்னால் அழுத்தினால் பிடிக்கும் பிரேக் இருந்தது. ஒரு முறை இறங்கினாலே பின் சக்கர ஹப்பில் உள்ள கிரீஸ் வெந்து புகையும். மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். அதனாலேயே அந்தப் பாதைக்கு 'ரீபேக்', அதாவது 'மறுபடி அடை' என்று பெயர் வந்தது.

இங்கே காலின் வேலையைக் கவனிக்க வேண்டும். மிதிப்பதும் கால். பிரேக் பிடிப்பதும் கால். வளைவில் சக்கரம் வழுக்கினால் வெளியே வந்து தரையில் ஊன்றுவதும் அதே கால். சாலையில் ஓட்டுபவருக்குக் கால் ஓர் இயந்திர உறுப்பு மாதிரி; சுற்றிக்கொண்டே இருந்தால் போதும். மலையில் இறங்குபவருக்கோ அது மூன்றாவது சக்கரம். அதைக் கட்டிப்போட முடியாது.

1977-இல் ஜோ பிரீஸ் மலைக்கென்றே புதிதாகச் சட்டம் செய்தார். 1979-இல் ஃபிஷரும் கெல்லியும் 'மவுண்டன்பைக்ஸ்' என்ற பெயரில் கடை தொடங்கினார்கள். 1981-இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனத்தின் ஸ்டம்ப்ஜம்பர் வந்ததும் மலைச் சைக்கிள் பெரும் வியாபாரமானது.

பல் முளைத்த பெடல்

காலைக் கட்டக் கூடாது, ஆனால் வழுக்கவும் கூடாது. இந்த இரண்டு நிபந்தனைகளுக்கும் விடை தேடியவர்களில் சிறுவர்களும் உண்டு. 1970-களின் தொடக்கத்தில் தெற்குக் கலிபோர்னியாவில் மோட்டோகிராஸ் மோட்டார் சைக்கிள் வீரர்களைப் பார்த்து, சின்னச் சைக்கிளில் அதே மாதிரி மண்மேட்டில் தாவ ஆரம்பித்தார்கள். அதுதான் பிஎம்எக்ஸ். மோட்டோகிராஸ் வண்டியில் கால் வைக்கும் கட்டையில் பல் வெட்டியிருக்கும். பிஎம்எக்ஸ் பெடலின் ஓரத் தகட்டிலும் அதே போலப் பல் வந்தது. பார்ப்பதற்குக் கரடிப் பொறி மாதிரி இருந்ததால் அந்தப் பெயரே நிலைத்தது.

கால் நழுவினால் பெடல் சுழன்று வந்து முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் அடிக்கும். அந்தத் தழும்பு இல்லாத பழைய பிஎம்எக்ஸ்காரர் குறைவு.

பல் தகட்டுக்கு இன்னொரு குறையும் இருந்தது. பல் மழுங்கினால் மொத்தப் பெடலையும் மாற்ற வேண்டும். அடுத்து வந்த பெடல்களில் அகலமான தட்டு, அதன் மேல் திருகிப் பொருத்தும் சின்னச் சின்னப் பின்கள். ஒரு பின் மழுங்கினால் அதை மட்டும் மாற்றலாம். இன்றைய தட்டைப் பெடலின் அடிப்படை இதுதான்.

1990: கற்றுக்குட்டிப் பெடல் ஆன கதை

1990 ஒரு திருப்பம். அந்த வருடம் அமெரிக்காவின் டுராங்கோ நகரில் முதல் அதிகாரபூர்வ மலைச் சைக்கிள் உலகப் போட்டி நடந்தது. அதே வருடம் ஜப்பானின் ஷிமானோ நிறுவனம் மலைக்கென்றே எஸ்பிடி என்ற பூட்டுப் பெடலைக் கொண்டுவந்தது. பூட்டும் கட்டை சிறியது, காலணியின் அடியில் குழிக்குள் உட்கார்ந்திருக்கும். இறங்கி நடக்கவும் முடியும். மேடு ஏறும் கிராஸ்கன்ட்ரி வீரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலைச் சைக்கிள் இடம்பெற்றபோது, பூட்டுப் பெடல்தான் பந்தயக்காரரின் அடையாளம் என்றாகியிருந்தது.

தட்டைப் பெடலின் மதிப்பு இறங்கிவிட்டது. விலை குறைந்த சைக்கிளோடு ஒரு மலிவான தட்டைப் பெடலைச் சேர்த்துக் கொடுப்பார்கள். விலை உயர்ந்த சைக்கிளைப் பெடலே இல்லாமல் விற்பார்கள். வாங்குபவர் தனக்குப் பிடித்த பூட்டுப் பெடலைத் தனியாக வாங்கிக்கொள்வார் என்ற அனுமானம். இதில் ஒரு செய்தி ஒளிந்திருக்கிறது. தட்டையில் தொடங்கு, தேறியதும் பூட்டுக்கு மாறு என்பதே அந்தச் செய்தி. முன்னேற்றம் என்பது ஒருவழிப் பாதை என்று வியாபாரம் முடிவு செய்துவிட்டது.

பாறை ஏறுபவர்களின் ரப்பர்

வணிகவியல் படிப்பவர்களுக்குக் கூட்டுத் தேவை என்ற சொல் தெரிந்திருக்கும். பேனாவும் மையும் போல, ஒன்று இல்லாமல் மற்றொன்று முழுப் பயன் தராத பொருட்கள். பெடலும் காலணியும் அப்படித்தான். பூட்டுப் பெடலுக்குத் தனிக் காலணி இருந்தது. தட்டைப் பெடலுக்கு அப்படி ஒன்றும் இல்லை. கிடைத்த ஸ்கேட் ஷூவைப் போட்டுக்கொண்டு ஓட்டினார்கள். பாதிப் பிரச்னை பெடலில் அல்ல, செருப்பில் இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

விடை வந்த இடம் சைக்கிள் உலகமே அல்ல. சார்லஸ் கோல் என்ற பாறை ஏறும் வீரர் 1985-இல் கலிபோர்னியாவில் ஃபைவ் டென் என்ற காலணி நிறுவனத்தைத் தொடங்கினார். 5.10 என்பது அமெரிக்காவில் பாறை ஏற்றத்தின் கடினத்தைக் குறிக்கும் ஓர் அளவு. அவருடைய 'ஸ்டெல்த்' ரப்பர் வழவழப்பான பாறையிலும் ஒட்டி நிற்கும். அந்த ரப்பர் சைக்கிள் காலணிக்கும் வந்தபோது நிலைமை மாறிவிட்டது. மென்மையான ரப்பர், அதற்குள் புதையும் கூர்மையான பின். மேலிருந்து அழுத்தினால் பசை போட்டது மாதிரி நிற்கும். வேண்டுமென்று காலைத் தூக்கினால் உடனே வரும். 2011-இல் அடிடாஸ் நிறுவனம் ஃபைவ் டென்னை 2.5 கோடி டாலர் ரொக்கம் கொடுத்து வாங்கியது. ஒரு ரப்பர் கலவையின் மதிப்பு!

சாம் ஹில்

இந்த இணைப்பின் முழுச் சக்தியையும் உலகுக்குக் காட்டியவர் ஆஸ்திரேலியாவின் சாம் ஹில். டவுன்ஹில் பந்தயத்தில் 2006-இல் நியூசிலாந்தின் ரோட்டருவாவிலும், 2007-இல் ஸ்காட்லாந்தின் ஃபோர்ட் வில்லியமிலும், 2010-இல் கனடாவின் மோன்-சாந்த்-ஆனிலும் உலகச் சாம்பியன். 2007, 2009 வருடங்களில் உலகக் கோப்பைத் தொடரும் அவருக்கே. போட்டியாளர்களில் பெரும்பாலோர் பூட்டுப் பெடலில் இருந்த காலம் அது. அவர் ஓட்டியது தட்டைப் பெடலில்.

ரசிகர்கள் இன்றும் பேசுவது அவர் வெல்லாத ஒரு பந்தயத்தைப் பற்றி. 2007, சுவிட்சர்லாந்தின் ஷாம்பெரி. செங்குத்தான பாதை. முன்னால் போனவர்கள் நல்ல தரையில் இறங்கிவிட்டார்கள். ஹில் இறங்கும்போது மழை கொட்டிப் பாதை சேறாகிவிட்டது. வளைவுக்கு வளைவு உள்பக்கக் காலை வெளியே நீட்டி, சேற்றில் வழுக்கும் வண்டியை வழுக்கவிட்டே திருப்பி, மூன்றாம் இடத்தைப் பிடித்தார். 1976-இல் மரின் மலையில் செய்ததும் இதையேதான்.

"சரி, இறக்கத்துக்கு மட்டும்தானே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2013-இல் தொடங்கிய என்டூரோ உலகத் தொடரில் இறக்கங்களுக்குத்தான் நேரக் கணக்கு. ஆனால் ஒவ்வோர் இறக்கத்துக்கும் முன்னால் மலையைப் பெரும்பாலும் மிதித்தே ஏற வேண்டும், நாள் முழுக்க. அந்தத் தொடரிலும் 2017, 2018, 2019 என்று மூன்று வருடம் தொடர்ந்து பட்டம் வென்றார் ஹில். அதே தட்டைப் பெடலில். 'ஃபிளாட் பெடல்ஸ் வின் மெடல்ஸ்' என்ற எதுகை வசனம் மலைச் சைக்கிள்காரர்கள் வாயில் நிலைத்துவிட்டது.

மேலே இழுக்க வேண்டுமா?

பூட்டுப் பெடலுக்குச் சொல்லப்பட்ட பெரிய காரணம், காலை மேலே இழுக்கும்போதும் சக்தி கிடைக்கும் என்பது. 2007-இல் கோர்ஃப் என்ற ஆய்வாளரும் குழுவினரும் எட்டு சைக்கிள் வீரர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். வேண்டுமென்றே மேலே இழுத்து ஓட்டியபோது பெடலில் விசை சீராகப் பரவியது உண்மை. ஆனால் அதே வேலைக்கு உடல் செலவழித்த ஆற்றலும் கூடியது. வழக்கம் போலக் கீழே மிதிப்பதே சிக்கனம். ஏறும் காலின் எடையை இறங்கும் கால் ஏறக்குறைய ஈடுகட்டிவிடுகிறது.

அதற்காகப் பூட்டுப் பெடல் வீண் என்று சொல்ல முடியாது. கரடுமுரடான பாதையில் வேகமாக மிதிக்கும்போது கால் துள்ளி விலகாமல் இருப்பது பெரிய வசதி. கிராஸ்கன்ட்ரியில் அதுதான் ஆட்சி செய்கிறது; டவுன்ஹில்லிலும் அதை ஓட்டுபவர்களே அதிகம். தட்டைப் பெடல் காட்டியது ஒன்றுதான்: அது கீழ்ப்படி அல்ல, வேறு வழி.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

இந்த வரலாறு தெரிந்தவருக்குப் பெடல் தேர்வு செய்வது சுலபம்.

1. அகலம்: இப்போதைய தட்டைப் பெடல்கள் ஏறக்குறைய 100 மி.மீ.க்கு 100 மி.மீ. இருக்கும். பெரிய பாதத்துக்குப் பெரிய தட்டு. அளவுக்கு மீறி அகலமானால் பாறையில் இடிக்கும்.

2. கனம்: தட்டு மெல்லியதாக இருந்தால் பாதம் அச்சுக்கு அருகில் இருக்கும். காலடியில் பெடல் புரளும் வாய்ப்புக் குறைவு, தரையில் இடிப்பதும் குறைவு.

3. குழிவு: நடுப்பகுதி ஓரத்தைவிடச் சற்றுத் தாழ்ந்திருந்தால் பாதம் அதில் அமர்ந்துகொள்ளும். அச்சு இருக்கும் இடம் மேடாகத் துருத்திக்கொண்டிருக்கும் பெடலைத் தவிர்ப்பது நல்லது.

4. பின்: பிடிப்புக்கு முக்கியம் இதுதான். தட்டிலேயே வார்த்த மேடுகளைவிடத் தனியாகத் திருகிய எஃகுப் பின்கள் மேல். அதிலும் எதிர்ப்பக்கத்திலிருந்து திருகும் வகை சிறந்தது. பாறையில் மோதி நுனி நசுங்கினாலும் பின்னாலிருந்து கழற்றிவிடலாம்.

5. உடல்: அலுமினியம் மெல்லியதாக வரும். நைலான் கலவை விலை குறைவு, பாறையில் பட்டால் சிக்காமல் வழுக்கிப் போகும். புதிதாகத் தொடங்குபவருக்கு எஃகுப் பின் வைத்த நைலான் பெடலே தாராளம்.

6. காலணி: விலை உயர்ந்த பெடலும் கெட்டியான அடிப்பாகமுள்ள ஷூவும் சேர்ந்தால் பயனில்லை. சாதாரணப் பெடலும் மென்மையான, தட்டையான ரப்பர் அடியும் சேர்ந்தால் நிற்கும். பணம் கொஞ்சம்தான் இருந்தால் முதலில் காலணி.

கால் வைக்கும் முறையும் உண்டு. பெடலின் அச்சு, விரல்களுக்குப் பின்னால் உள்ள மேட்டுக்கும் பாதத்தின் நடுவுக்கும் இடையில் வர வேண்டும். இறக்கத்தில் குதிகாலைத் தாழ்த்த வேண்டும். அப்போது கல்லில் மோதும் அதிர்ச்சி காலைப் பெடலை விட்டுத் தள்ளாமல் பெடலுக்குள் அழுத்தும். பூட்டு செய்யும் வேலையைக் குதிகால் செய்துவிடும்.

பராமரிப்பு

பெடலைக் கழற்ற 15 மி.மீ. ஸ்பேனர், அல்லது அச்சின் உள்பக்கத்தில் போடும் 6 அல்லது 8 மி.மீ. ஆலன் கீ தேவை. எந்தப் பக்கம் திருப்புவது என்று குழம்பினால் ஒரு சுலபமான வழி: ஸ்பேனரை மேல்நோக்கி நிற்கும்படி மாட்டி, சைக்கிளின் முன் சக்கரத்தை நோக்கி இழுத்தால் இறுகும், பின் சக்கரத்தை நோக்கி இழுத்தால் கழலும். இடது, வலது இரண்டுக்கும் இது பொருந்தும். மாட்டும்போது மரையில் கிரீஸ் தடவி, முதல் சில சுற்றுகளைக் கையால் திருகுவது அவசியம். கோணலாக ஏற்றி ஸ்பேனரால் இறுக்கினால் கிராங்கின் மரை போய்விடும். அலுமினியக் கிராங்கின் விலை பெடலைவிட அதிகம்.

மாதம் ஒரு முறை பெடலைக் கையால் சுற்றிப் பார்க்கலாம். கரகரவென்றால் உள்ளே மண் போயிருக்கிறது. பெடலைப் பிடித்து அசைத்தால் ஆட்டம் தெரிந்தால் பேரிங்கோ புஷ்ஷோ தேய்ந்திருக்கிறது. பெரும்பாலான நல்ல பெடல்களில் வெளி ஓர மூடியைக் கழற்றி, நட்டை எடுத்தால் அச்சு வெளியே வந்துவிடும். பழைய கிரீஸைத் துடைத்து, புதிது தடவி, ரப்பர் சீலைச் சரியாக உட்காரவைத்து மாட்ட வேண்டும். மழையிலும் சேற்றிலும் ஓட்டியபின் அதிக அழுத்தத் தண்ணீரைப் பெடலின் அச்சுப் பக்கம் அடிக்காமல் இருந்தாலே பேரிங் நாள்படும்.

பின்களைத் தனியாகக் கவனிக்க வேண்டும். முதலில் மழுங்குவது முன் ஓரத்தில் உள்ளவைதான். காணாமல் போனவற்றுக்குப் பதிலாகப் புதியதைத் திருகும்போது மரை இளகாமல் இருக்கும் பசையை ஒரு சொட்டு விட்டால் அதிர்வில் கழலாது. அது இல்லாத பழைய பின்களை அவ்வப்போது இறுக்கிக்கொண்டால் போதும்.

முடிவாக

1980-களில் பூட்டு வந்தபோது அது முந்தியதை எல்லா இடத்திலும் அழித்துவிடும் என்று தோன்றியது. சாலையில் ஏறக்குறைய அப்படித்தான் நடந்தது. மலையில் நடக்கவில்லை. அங்கே காலுக்குப் பெடலை விட்டு இறங்கும் வேலையும் இருந்தது. அந்த வேலையை மறக்காதவர்கள் பெடலில் பின்னை வைத்தார்கள், பாறை ஏறுபவரின் ரப்பரைக் காலில் போட்டார்கள், குதிகாலைத் தாழ்த்தப் பழகினார்கள். பூட்டு செய்ததை மூன்று சின்ன விஷயங்கள் சேர்ந்து செய்தன. விழப்போகும் அந்த அரை விநாடியில் பூட்டால் செய்ய முடியாத ஒன்றையும் சேர்த்துச் செய்தன: கால் உடனே தரைக்கு வந்தது.